நிலம் அவர்களுக்கு, தீர்வை எனக்கு

கோத்தகிரி வட்டாரத்துப் பெரியோர்களுக்கும், என்னோடு படித்த நண்பர்களுக்கும், என்னை அறியாத இளைஞர்களுக்கும்,

கடல் கடந்து வந்து பிழைக்கிறவனுக்கு ஊரிலிருந்து வரும் விசாரணைகளில் முதலாவது க்ஷேமலாபம், இரண்டாவது சம்பளம், மூன்றாவது, அவன் ஆப்பிரிக்காவில் இருக்கிறான் என்ற காரணத்தால், சிங்கம். சிங்கத்தைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதுகிறவன் கண்ணில் படும் மிருகங்கள் கோத்தகிரிச் சந்தைக்குப் போய்த் திரும்புகிறவன் கண்ணில் படுபவற்றைவிடக் குறைவு. ஆனால் கென்யா மலைக்கும் அபர்டேர் மலைத்தொடருக்கும் இடையே நான் குடியிருக்கும் இந்த நியேரி என்ற குளிர்ந்த சிற்றூரில், செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில், நம் தேசத்தில் பிறந்து, நம் தேசத்து ஏழை ஜனங்களோடு எழுபத்திரண்டு வயதுவரை வாழ்ந்து, பிறகு இங்கே வந்து சேர்ந்த ஒருவர் அடக்கமாகியிருக்கிறார். ஜிம் கார்பெட் என்ற அந்த மனிதரைப் பற்றிச் சில விஷயங்களை, குறிப்பாக நம் ஊரின் இன்றைய நிலைக்குப் பொருந்துகிற ஒரு விஷயத்தை, எல்லோரும் அறிய எழுத வேண்டுமென்று வெகுநாளாக எனக்கு ஆசை.

அவருடைய துப்பாக்கிக் கதைகள் பிரசித்தமானவை. அவற்றை விரிக்கப் போவதில்லை. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907ல் அவர் சுட்டதும், பத்ரிக்கும் கேதாரத்துக்கும் யாத்திரை போகிறவர்கள் இருட்டியபின் கதவைத் திறக்கவே அஞ்சும்படி எட்டு வருஷம் அந்தப் பாதையை ஆண்ட ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையை 1926ஆம் வருஷம் மே மாதத்தில் வீழ்த்தியதும் புத்தகங்களில் இருக்கின்றன. ஆனால் சம்பாவத்துக்குப் புறப்படுமுன் அவர் விதித்த நிபந்தனையை மட்டும் சொல்லியாக வேண்டும்: அந்தப் புலியின் தலைக்கு அறிவித்த வெகுமதியை சர்க்கார் ரத்து செய்ய வேண்டும், பணத்துக்காகக் காட்டுக்குள் திரியும் மற்ற வேட்டைக்காரர்களைத் திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டும். சுட்டு வீழ்த்தியபின் அந்தப் புலியின் வாயைத் திறந்து பார்த்தவர், வலப்பக்கத்து மேற்கோரைப் பல்லும் கீழ்க்கோரைப் பல்லும் எப்போதோ யாரோ சுட்ட குண்டினால் உடைந்திருக்கக் கண்டு, தன் இயல்பான இரையைப் பிடிக்க முடியாமற்போனதனால்தான் அது மனிதரை நாடியது என்று எழுதிவைத்தார். காட்டு மிருகம் ஊருக்குள் வரும்போதெல்லாம் அதன் குற்றத்தை மட்டுமே பேசுகிற நமக்கு அந்த உடைந்த பற்கள் ஞாபகத்தில் இருப்பது நல்லது.

நைனிடாலில் போஸ்ட்மாஸ்டராக இருந்தவரின் மகனாக 1875ல் பிறந்து, சிறுபிராயத்திலேயே தகப்பனாரை இழந்து, பதினெட்டு வயது நிரம்புமுன் ரயில்வேயில் உத்தியோகத்துக்குப் போனவர் கார்பெட். கங்கைக்கரையில் மொகாமே காட் என்ற இடத்தில், அகலப்பாதை வண்டிகளில் வந்து குவியும் சரக்கை இறக்கி ஆற்றைக் கடத்துவதற்காக மறுபடி ஏற்றும் வேலையை ஒப்பந்தம் எடுத்து, இருபது வருஷங்களுக்கு மேல் அங்கேயே கிடந்தார். தொடக்கத்தில் ஒப்பந்தப் பணம் மாதக்கணக்கில் வந்துசேராதிருந்தபோது, கூலிக்காரர்கள் பட்டினிக்கு அஞ்சி ஓடாமல் அவரை நம்பி நின்றதற்குக் காரணம், துரையும் தங்களோடு நிலக்கரியில் மண்வெட்டி பிடித்துக் கை கொப்பளித்ததையும், தங்களைப் போலவே அரைவயிறு உண்டதையும் அவர்கள் கண்ணாரக் கண்டதுதான் என்பது என் அபிப்பிராயம்.

அந்த மொகாமே காட்டில் நடந்த ஒரு சம்பவம் எனக்கு எந்தப் புலிவேட்டையையும்விடப் பெரிது. அங்கே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த ராம் சரண் என்பவரும் கார்பெட்டும் சேர்ந்து தொழிலாளர் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் வைத்தார்கள். மேல்சாதிப் பிள்ளைகளும் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளும் ஒரே குடிசைக்குள் அமர ஆசாரம் இடம் கொடாது என்ற தடை உடனே எழுந்தது. ராம் சரண் அதற்காகச் சண்டையும் போடவில்லை, உபதேசமும் செய்யவில்லை. சுவர்களைப் பிடுங்கி எறிந்துவிட்டார். நான்கு சுவர் இருந்தால்தானே அது குடிசை? கூரை மட்டும் இருந்தால் அது வெறும் கொட்டகை. கொட்டகையில் யாரும் யாரோடும் உட்காரலாம் என்று சாஸ்திரம் அறிந்தவர்களே ஒப்புக்கொள்ள, எல்லாப் பிள்ளைகளும் ஒரே நிழலில் அமர்ந்து படித்தார்கள். பிற்பாடு அந்தப் பள்ளிக்கூடத்தை சர்க்காரே ஏற்றுக்கொண்டது.

கொடுக்கிற குணம் கார்பெட்டிடத்தில் விளம்பரமில்லாமல் இருந்தது. பாட்டன் வாங்கிய இரண்டு ரூபாய்க் கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக ஒரு லேவாதேவிக்காரனிடம் அடிமைப்பட்டுக் கிடந்த புது என்ற கூலியாளின் பத்திரத்தைத் தம் செலவில் வக்கீல் வைத்து மீட்டார். காலராவில் விழுந்து படகுத்துறையில் கிடந்த முன்பின் அறியாத வியாபாரி ஒருவரைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து பணிவிடை செய்து பிழைக்கவைத்ததோடு, தொழிலில் நொடித்துப்போன அவர் மறுபடி கடை வைக்க ஐந்நூறு ரூபாயை எழுத்துமில்லாமல் சாட்சியுமில்லாமல் தூக்கிக் கொடுத்தார். வியாபாரியும் சொன்ன சொல் தவறாமல் திருப்பிக் கொடுத்தார். 1944ல் வெளியான அவருடைய முதற் பெரிய நூலின் வருமானத்தை, யுத்தத்தில் கண்ணிழந்த இந்தியச் சிப்பாய்களின் விடுதிக்கு எழுதிவைத்தார்.

சிப்பாய்களைப் பற்றிச் சொல்லும்போது, வெல்லிங்டன் பாசறையிலிருந்து ஓய்வு பெற்று நம் ஊர் டீக்கடைகளில் காலைப் பத்திரிகை வாசிக்கிற பட்டாளத்துப் பெரியவர்களுக்காக இதையும் எழுதுகிறேன். முதல் மகாயுத்தத்தின் தொடக்கத்தில் வயதைக் காட்டி மறுக்கப்பட்ட கார்பெட், 1917ல் குமாவோன் மலைக்கிராமங்களிலிருந்து ஐந்நூறு பேரைத் தாமே திரட்டிக்கொண்டு, காப்டன் பதவியில் பிரான்ஸுக்குப் போனார். கடலையே கண்டறியாத அந்த மலைஜனங்களை, ஒருவரைத் தவிர, உயிரோடு ஊர் கொண்டுவந்து சேர்த்தார். இரண்டாவது யுத்தத்தின்போது, அறுபத்தைந்து வயது கடந்தவர் வீட்டில் இருந்திருக்கலாம்; அவரோ மத்திய இந்தியாவில் சிந்த்வாரா காடுகளில், பர்மாவுக்குப் போகும் சிப்பாய்களுக்குக் காட்டில் நடக்கவும், தடம் பார்க்கவும், எது தின்னத்தக்கது எது தகாதது என்று அறியவும் கற்றுக்கொடுத்து, லெப்டினன்ட் கர்னல் என்ற பட்டத்தையும் உடலை உருக்கிய காய்ச்சலையும் ஒருசேரப் பெற்றார்.

இனி நான் சொல்லவந்த விஷயம். நைனிடாலுக்குக் கீழே காலாடுங்கியை அடுத்து, பாழடைந்து கிடந்த சோட்டி ஹல்த்வானி என்ற கிராமத்தை, சுமார் 221 ஏக்கர் நிலத்தோடு, 1915ல் கார்பெட் விலைக்கு வாங்கினார். குடிகளை அழைத்துவந்து அமர்த்தினார், வாய்க்கால் வெட்டினார், காட்டுப்பன்றியும் மானும் பயிரில் இறங்காதபடி கிராமம் முழுவதையும் சுற்றி மைல்கணக்கில் கல்மதில் எழுப்பினார், வேட்டைக்குத் துணைவந்த மோதி சிங்குக்கு உறுதியான வீடொன்று கட்டித் தந்தார். சகோதரி மாகி வருகிற நோயாளிகளுக்கெல்லாம் மருந்து கொடுத்தார். ஜனங்கள் கார்பெட்டைக் 'கார்ப்பெட் சாஹிப்' என்றார்கள். 1947 நவம்பரில் அக்காளும் தம்பியுமாக அவர்கள் தேசத்தை விட்டுப் புறப்பட்டபோது, அந்த நிலங்களை விற்றுக் காசாக்குவது எளிதாயிருந்தும், உழுதவர்களுக்கே விட்டுவிட்டார். அதோடும் நிற்கவில்லை. நிலம் குடிகளிடம் போனபின்பும், அதற்குரிய தீர்வையை, கடலுக்கு இப்பால் இந்த நியேரியிலிருந்துகொண்டு, தாம் மறையும்வரை அவரே கட்டிவந்தார்.

அவர் ஏன் போனார் என்று நீங்கள் கேட்கலாம். வெள்ளையர் ஆட்சி நீங்கிய இந்தியாவில் தம்மைப் போன்றவர்களுக்கு இடமிருக்குமா என்ற ஐயம் அவரைத் துரத்தியது. தம்மை அவ்வளவு நேசித்த ஜனங்களை அந்த ஒரு விஷயத்தில் அவர் நம்பாமற்போனது எனக்கு இன்றும் வருத்தமே. வந்துசேர்ந்த இடமும் நிஷ்களங்கமான சொர்க்கம் அன்று. கிகுயு ஜனங்களின் பூமியை வெள்ளைக் குடியேறிகள் வளைத்துக்கொண்டிருந்த தேசம் இது. 1952ல் அவசர நிலை பிரகடனமாயிற்று, 1954ல் கலகக்காரர்கள் டிரீடாப்ஸ் விடுதியை எரித்தார்கள். அதே விடுதியின் மரத்துமேல், 1952 பிப்ரவரியில் எலிசபெத் இளவரசி மிருகங்களைப் பார்த்துக் கழித்த இரவில், காவலுக்குத் துணையாய் இருந்தவர் கார்பெட். அந்த இரவிலேயே தந்தை காலமாக, இளவரசி ராணியானார். குடியானவனுக்குத் தம் நிலத்தை விட்டுக்கொடுத்தவர் இன்னொரு தேசத்துக் குடியானவனின் நிலப்பசியை எவ்விதம் பார்த்தார் என்று கல்லறையருகே நிற்கும்போது எனக்குத் தோன்றுவதுண்டு. பெரியவர்களைப் போற்றுவதற்காக அவர்கள் காலத்துக் குறைகளை மறைக்க வேண்டியதில்லை.

அவுட்ஸ்பான் ஹோட்டல் வளாகத்தில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் தமக்காகக் கட்டிக்கொண்ட பாக்ஸ்டு என்ற சிறு குடிலில் அக்காளும் தம்பியும் வசித்தார்கள். அங்கிருந்துதான் 'எனது இந்தியா' என்ற புத்தகம் வெளிவந்தது. நான் மேலே சொன்ன பள்ளிக்கூடமும் புதுவும் வியாபாரியும் அதில்தான் இருக்கிறார்கள். 1955 ஏப்ரல் 19ந் தேதி அவர் காலமானார். 1936ல் அவருடைய முயற்சியும் சேர்ந்து உருவான வனப் பூங்கா அவர் மறைவுக்குப்பின் அவர் பெயரைத் தாங்குகிறது. 1973ல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கியதும் அங்கேதான்.

இப்போது நம் சங்கதி. பசுந்தேயிலைக்கு விலை கட்டவில்லை என்று நாம் ஒவ்வொருவராகத் தோட்டத்தை விட்டுக் கிளம்பினோம். கோயமுத்தூருக்கும் பெங்களூருக்கும் சிலர், என்னைப் போல் கடல் கடந்து சிலர். விட்டுவந்த நிலத்தை விற்கவும் மனமில்லை, வாரத்துக்குக் கொடுக்கவும் நம்பிக்கையில்லை. இடுப்பளவில் நிற்க வேண்டிய தேயிலை, கவாத்து செய்வாரில்லாமல் ஆள் உயரத்துக்கு மேல் மரமாகி, இடையில் உண்ணிச்செடி அடர்ந்து, பகலிலும் உள்ளே என்ன படுத்திருக்கிறதென்று தெரியாத புதராகிவிட்டது. அங்கே கரடி தங்குகிறது, காட்டெருமை தங்குகிறது, சிறுத்தை குட்டி போடுகிறது. பிறகு பக்கத்து நிலத்தில் கூடை கட்டி இலை பறிக்கப் போகும் பெண்பிள்ளை பயந்து ஓடிவந்தால், வனத்துறை என்ன செய்கிறது என்று நாம் வெளியூரிலிருந்து தொலைபேசியில் கோபிக்கிறோம். வனத்துறையின் பொறுப்பு அதற்குண்டு. அந்தப் புதர் நம்முடையது.

ஆகவே என் விண்ணப்பம் இது. எங்கள் குடும்பத்துப் பாகமாகக் கீழ்ச்சரிவில் கிடக்கும் தேயிலையை, அதையடுத்து உழைக்கிறவர்கள் கவாத்து செய்து பறித்துக்கொள்ளட்டும். வாரம் வேண்டாம், குத்தகை வேண்டாம், தீர்வையை நான் அனுப்பிவிடுகிறேன். இதை எழுத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். என் உடன்பிறந்தார் இருவரும் சம்மதித்திருக்கிறார்கள். என்னைப் போல வெளியிலிருப்பவர்களின் பெயர்களை ஊர்க்கூட்டத்தில் வாசித்து, ஒவ்வொருவருக்கும் இதே கேள்வியை எழுதி அனுப்புங்கள். நம் ஊர் நூலகத்துக்கு, கார்பெட் எழுதித் தி.ஜ.ர. தமிழாக்கிய 'குமாயுன் புலிகள்' நூலும், யுவன் சந்திரசேகர் தமிழாக்கிய 'எனது இந்தியா'வும் வாங்கும் செலவு என்னுடையது. அடுத்த கவாத்துக் காலத்துக்கு முன் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
நியேரியிலிருந்து உங்கள் ஊர்க்காரன்