ஹாங்காங் சிற்றுந்தில் ஒலிக்கும் இரு சொற்கள்

ஹாங்காங்கின் சிற்றுந்துகளில் நெடுங்காலம் அழைப்பு மணி இருந்ததில்லை. இறங்க வேண்டியவர் இருக்கையிலிருந்தபடியே உரக்கச் சொல்ல வேண்டும்: ‘யாவ் லொக்’. கேன்டனீஸ் மொழியில் ‘யாவ்’ என்றால் உண்டு; ‘லொக்’ என்றால் இறங்குதல். ‘இறங்கல் உண்டு’ என்று தமிழாக்கலாம். ‘நான்’ என்னும் எழுவாயும் ‘நிறுத்துங்கள்’ என்னும் ஏவலும் அதில் இல்லை. முன்னால் ஓர் இடத்தைச் சேர்த்தால் போதும்: சந்தையருகே இறங்கல் உண்டு, முச்சந்தியில் இறங்கல் உண்டு. பணிவுடையவர் ‘ம்கொய்’ என்றும் சேர்ப்பார். சிறு உதவியை வேண்டுவதற்கும் அதற்கு நன்றி கூறுவதற்கும் அந்த ஒரே சொல்தான். ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு கையைச் சற்றே உயர்த்துவார். கேட்டுவிட்டது என்று பொருள்.

சில வேளை ஓட்டுநரே முந்திக்கொண்டு ‘யாவ் மோ லொக்?’ என்பார். இறங்கல் உண்டா, இல்லையா? ‘யாவ்’ என்பதற்குரிய எழுத்தின் உள்ளிருக்கும் இரு சிறு கோடுகளை நீக்கிவிட்டால் ‘மோ’ என்பதற்குரிய எழுத்து கிடைத்துவிடும். இல்லை என்பதை உள்ளீடற்ற ‘உண்டு’ ஆகவே எழுதிக்காட்டும் இவ்வழக்கு பொதுச்சீன எழுத்துநடையில் இல்லை.

இத்தகைய சொற்களைப் பாடநூல்கள் ‘கொச்சை’ என்னும் பெட்டியில் போட்டு மூடிவிடுகின்றன. இந்தியப் பல்கலைக்கழகங்களிலோ சீனமொழி என்றால் பெரும்பாலும் மாண்டரின் மட்டுமே. ஒரு மொழியின் நலத்தை அளக்க முற்படுவோர் பள்ளியையும் தொலைக்காட்சியையும் அரசாணையையும் பார்க்கிறார்கள். அறிமுகமில்லாத ஒருவரிடம் வாய்திறந்தே ஆகவேண்டிய இடங்கள் எவை என்று அரிதாகவே கேட்கிறார்கள். மொழி பொதுவெளியில் தங்குவது அத்தகைய இடங்களில்தான். ஹாங்காங்கில் அவற்றுள் ஒன்று 16 அல்லது 19 இருக்கைகள் கொண்ட சிற்றுந்து.

பயணத்தைக் குறிக்கும் வினைச்சொல்லே இதற்குச் சான்று. மாண்டரினில் பேருந்தில் செல்வதைச் சொல்லப் பெரிதும் வழங்குவது ‘உட்கார்’ என்னும் வினை. கேன்டனீஸில் ‘தாப்’. பேருந்துக்கும் டாக்சிக்கும் மின்தூக்கிக்கும் அதே வினை. தேநீர்க் கடையில் இடமில்லாதபோது அந்நியர் அமர்ந்திருக்கும் மேசையில் தாமும் போய் அமர்வதை ‘தாப் தொய்’ என்பார்கள். அங்கும் அதே ‘தாப்’. ஒட்டிக்கொள்ளுதல், சேர்ந்துகொள்ளுதல் என்னும் பொருள் அதன் அடியில் இருக்கிறது. நெரிசல் மிகுந்த நகரொன்று தன் வினைச்சொல்லைப் பொருத்தமாகவே தேர்ந்திருக்கிறது எனலாம். (சொற்பிறப்பியலர் இக்கூற்றைச் சற்று முகம் சுளித்தே ஏற்பர்.)

ஒலியிலிருந்து பிறந்த சொற்களும் பல. 1904 முதல் ஓடும் டிராமுக்கு மணியோசையே பெயர்: ‘டிங் டிங்’. 1997 செப்டம்பரில் வந்த ஆக்டோபஸ் அட்டையின் கேன்டனீஸ் பெயர் ‘பாட் தாட் துங்’. எட்டுத் திசையும் செல்லவல்லது என்னும் கருத்துடையது. எட்டுக்கால் உயிரின் பெயரை ஆங்கிலத்தில் சூட்டியது இந்த எட்டோடு ஒத்துப்போகத்தான். ஆனால் அட்டையைக் கருவியில் வைப்பதற்கு மக்கள் வைத்துக்கொண்ட வினை, கருவி எழுப்பும் ஓசையான ‘டுட்’. எந்தக் கலைச்சொல் குழுவும் கூடி ஆக்கியதன்று.

கடன்சொற்களைப் பற்றியும் ஒரு தவறான இரக்கம் நிலவுகிறது. ‘பா சி’, ‘திக் சி’ ஆகியவை பஸ், டாக்சி என்னும் ஆங்கிலச் சொற்களின் வடிவங்கள். காலனியாட்சியின் எச்சங்கள் என்று எளிதில் ஒதுக்கப்படுபவை. அந்தத் ‘திக்’ வடக்கே பயணம் செய்து மாண்டரினுக்குள் நுழைந்தது. டாக்சி பிடிப்பதைப் பெய்ஜிங்வாசி ‘தா தி’ என்கிறார். அதிலுள்ள ‘தி’ கேன்டனீஸ் வழியே சென்றது. வட்டார வழக்கு என்று சொல்லப்படுவது தேசிய மொழிக்குச் சொல் வழங்கியிருக்கிறது.

மணி பொருத்திய சிற்றுந்துகள் இப்போது பெருகிவிட்டன. இதை வெறும் இழப்பென்று புலம்புவது நேர்மையாகாது. தொனி பிசகினால் பொருள் பிசகும் மொழியில், ஓடும் வண்டியில், பலர் முன்னிலையில் குரலெழுப்புவது எளிதன்று. வீட்டுப் பணிக்காக வந்த பிலிப்பைன்ஸ், இந்தோனேசியப் பெண்களுக்கும் அந்நகரில் வாழும் தெற்காசியருக்கும் அந்த மணி ஒரு விடுதலை. கூச்ச சுபாவமுள்ள உள்ளூர் இளைஞருக்கும் அப்படியே. ஆயினும் அந்தக் கட்டாயம்தான் வந்தேறியவர் பலருக்கு முதல் கேன்டனீஸ் பாடமாகவும் இருந்தது. எவ்வித வகுப்பும் இன்றி, தவறாக ஒலித்தாலும் வண்டி நின்றுவிடும் என்னும் உறுதியோடு கற்ற பாடம். வசதி பெருகும்போது இத்தகைய வாயில்கள் ஓசையின்றி அடைபடுகின்றன. மொழிக் கொள்கை பேசுவோர் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

2010 ஜூலையில் குவாங்சோ நகரத் தொலைக்காட்சியில் கேன்டனீஸின் இடத்தை மாண்டரினுக்குத் தரும் பரிந்துரையை எதிர்த்து மக்கள் திரண்டார்கள். அவர்கள் கூடிய இடம் ஜியாங்நான்சி மெட்ரோ நிலையத்தின் அருகே. அந்த எதிர்ப்பைப் பற்றிக் கட்டுரைகள் எழுதப்பட்டுள்ளன, எழுதப்பட வேண்டியவையே. மணியொன்று பொருத்தப்படுவதால் மறையும் பேச்சுக்காக ஊர்வலம் எதுவும் நடவாது.

ஹாங்காங்கின் சிற்றுந்துகள் 4350-க்கு மேற்படக் கூடாது என்பது அரசின் வரம்பு. அவற்றுள் வழித்தடமும் கட்டணமும் அரசால் வரையறுக்கப்படாத சிவப்பு வண்டிகள், வரையறுக்கப்பட்ட பச்சை வண்டிகளாக மாறிவருகின்றன. நிறுத்தங்களுக்குப் பயணிகளே வைத்த பெயர்களும், இடித்துப்போன திரையரங்கின் பெயரிலேயே இன்னும் இறங்கும் முதியோரின் வழக்கும் அச்சிவப்பு வண்டிகளில்தான் அதிகம் புழங்கின. நகர வரலாற்றாய்வுக்கு இவை முதல்நிலைச் சான்றுகள். ஒலிப்பதிவுக் கருவியோடு ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில் ஒரு பருவம் முழுதும் அமர்ந்திருக்க ஆய்வு மாணவர் ஒருவருக்கு நல்கை கிடைக்குமாயின், அது மிகச் சிக்கனமான களப்பணியாகவே இருக்கும்.