கடனாக வந்த விளக்குகள்

ரொட்டி திருடிய குற்றத்துக்கு 5 வருஷம். சிறையிலிருந்து தப்பியோட முயன்றதற்கு இன்னும் 14 வருஷம். ஆக 19 வருஷத் தண்டனை முடிந்து 1815-ல் வெளியே வருகிறான் ஜீன் வால்ஜீன். எந்தச் சத்திரத்திலும் இடமில்லை. மீரியேல் என்ற கிழ பிஷப் மட்டும் கதவைத் திறக்கிறார். ஐயா என்று அழைத்துச் சாப்பாடு போடுகிறார். விருந்தாளிகளுக்காக ஏற்றும் இரண்டு வெள்ளி விளக்குகள் அன்று அவனுக்காக எரிகின்றன.

அந்த வீட்டு வெள்ளிக் கரண்டிகளைத்தான் அவன் இரவில் திருடிக்கொண்டு ஓடுகிறான்! மறுநாள் போலீஸார் பிடித்து வருகிறார்கள். விளக்குகளையும்தானே கொடுத்தேன், ஏன் விட்டுப் போனீர் என்று கேட்டு, பிஷப் அவற்றையும் கொடுத்தனுப்புகிறார்.

விக்டர் ஹ்யூகோ 1862-ல் வெளியிட்ட இந்தப் பிரெஞ்சு நாவலை, சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தார். 1950-ல் நாகையா நடித்துப் படமாகவும் வந்தது.

ஒரு பொருள் சொல்லாமல் சொல்லும் சங்கதியைப் பண்டிதர்கள் 'குறியீடு' என்பார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. செத்துப்போன தகப்பனாரின் கைத்தடியை விற்க மனம் வராதவருக்கு அது தெரிந்த விஷயம்தான்.

விளக்கென்றால் ஒளி, ஒளியென்றால் கருணை என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். அது போதாது. இந்த விளக்குகள் கடன் பத்திரம். நேர்மையானவனாக வாழவே இந்த வெள்ளி என்று சொல்லித்தான் பிஷப் கொடுத்தார். வால்ஜீன் கரண்டிகளை விற்றுவிடுகிறான், விளக்குகளை விற்கவில்லை.

பிறகு பெயரை மாற்றிக்கொண்டு, தொழிற்சாலை நடத்தி, ஊருக்கே மேயராகிறான். அப்போது யாரோ ஓர் அப்பாவி, 'இவன்தான் வால்ஜீன்' என்று பிடிபடுகிறான். மேயர் வாய் திறக்காவிட்டால் தப்பிவிடலாம். அன்றிரவு பழைய துணிகளையும் தடியையும் நெருப்பில் போடுகிறான். மிஞ்சியவை விளக்குகள். அவற்றையும் உருக்கிவிட நினைக்கிறான். கையில் எடுத்தும் விடுகிறான். முடியவில்லை, இருந்த இடத்திலேயே வைக்கிறான்.

அத்துடன் மனம் திருந்திவிட்டதாக ஹ்யூகோ எழுதவில்லை. அங்கேதான் அவருடைய பெருமை. மறுநாள் வழியெல்லாம் தயக்கம். கோர்ட்டு வாசல்வரை போய்த் திரும்பி நடக்கிறான்; மீண்டும் வருகிறான். உள்ளே நுழைந்து, நான்தான் அந்த மனிதன் என்கிறான்.

பல வருஷங்கள் கழித்து அவன் சாகும்போதும் அந்த விளக்குகள் எரிகின்றன. வளர்ப்பு மகள் கோஸெத்துக்கு அவற்றைக் கொடுக்கிறான். கொடுத்தவருக்கு என்மேல் திருப்திதானா, தெரியவில்லையே என்கிறான்.