போலிச் சாமானும் பொறுப்பில்லாச் சந்தையும்

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தையைப் பார்த்திருக்கும் நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கக் கூடும். ஆடு வாங்க வருபவர் விலை பேசுமுன் ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். முதுகைத் தடவிப் பார்க்கிறார். விற்பவர் எந்த ஊர், யார் வகையறா என்று விசாரித்துக் கொள்கிறார். ஏமாந்து போனால் அடுத்த வெள்ளிக்கிழமை அதே இடத்தில் ஆளைப் பிடித்துக் கேட்கலாம் என்ற தைரியமும் அவருக்கு உண்டு. சட்டப் புத்தகம் எதுவும் எட்டிப் பாராத அச்சந்தையில் வியாபார நாணயம் நிலைத்திருப்பதற்கு இவ்விரண்டே காரணங்கள்: சரக்கைக் கண்ணால் பார்க்கலாம், விற்றவரை மறுபடியும் காணலாம்.

அதே மனிதர் அந்த ஆடுகளை ஏற்றிச் செல்லும் தமது மினி லாரியின் டீசல் எஞ்சினுக்கு ஒரு நாசில் வேண்டுமென்றால் என்ன செய்கிறார்? கைப்பேசியை எடுக்கிறார். அதில் பளபளவென்று ஒரு படம். படத்துக்குக் கீழே பெயர் பெற்ற ஒரு கம்பெனியின் பெயர். அதற்குக் கீழே கடைக்காரர் சொல்லும் கிரயத்தில் பாதிக் கிரயம். விற்பவர் டில்லியிலிருக்கிறாரோ வேறெங்கிருக்கிறாரோ, அறியார். நாலைந்து நாளில் பார்சல் வந்து சேருகிறது. பல்லைப் பார்த்து ஆடு வாங்கியவர் படத்தைப் பார்த்து நாசில் வாங்கிவிட்டார்.

இணைய வியாபாரத்தை நாம் எதிர்ப்பதாக யாரும் எண்ண வேண்டாம். வேலூர் ஜில்லா அணைக்கட்டுத் தாலுகாவில், உத்திரகாவேரிக் கரையில், ஜவ்வாது மலையின் அடிவாரத்திலிருக்கும் ஒரு பேரூரில் எல்லா வண்டிக்கும் எல்லா உதிரி சாமான்களும் கிடைக்குமென்று எதிர்பார்ப்பது நியாயமன்று. டிராக்டருக்கு ஒரு பீட் பம்ப் வேண்டுமென்றால் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வேலூருக்குப் பஸ் ஏற வேண்டும். அங்கும் ‘நாளைக்கு வாருங்கள்’ என்ற பதில் கிடைக்கலாம். வீட்டு வாசலுக்கே சாமான் வருமென்றால் அது ஏழைக்குப் பெரிய உபகாரம். ஒடுகத்தூருக்கு மேலே பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை, பாலாம்பட்டு ஆகிய மலை ஊராட்சிகள் இருக்கின்றன. சாமையும் புளியும் தேனும் கீழே இறங்குவதும், அரிசியும் உப்பும் மேலே ஏறுவதும், பிரசவ வேதனையிலிருப்பவள் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதும், பாதையுள்ள இடங்களில் பெரும்பாலும் டீசல் வண்டியை நம்பியே நடக்கின்றன. நடு ஏற்றத்தில் எஞ்சின் மூச்சடைத்து நின்றால் என்னவாகும் என்பதை மலையடிவாரத்தாருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு போலிச் சாமானால் இத்தனை கேடு வருமா என்று கேட்பவர்களுக்காக யந்திரத்தின் தன்மையைச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி எண்ணெயைக் கொளுத்துகிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறியே கிடையாது. காற்றை இறுக்கி இறுக்கிச் சூடேற்றி, அச்சூட்டினுள் எண்ணெயைப் பனித்துளியினும் நுண்ணிய தூவலாகப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். ருடால்ப் டீசல் 1897-ம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ஓட்டிக் காட்டிய அற்புதம் இதுதான். ஆனால் எண்ணெயை அளந்து, நேரந்தவறாமல், அவ்வளவு நுண்ணியதாகப் பீய்ச்சுவதற்குச் சிறிய பம்பு அகப்படாமல் வெகுகாலம் டீசல் எஞ்சின் தொழிற்சாலையையும் கப்பலையும் விட்டு வெளியே வரவில்லை. ராபர்ட் பாஷ் கம்பெனியார் 1927-ல் அத்தகைய பம்பைத் தொகையாகச் செய்யத் தொடங்கிய பிறகே டீசல் லாரி என்பது ஊரறிந்த பொருளாயிற்று. ஆகவே இந்த எஞ்சினுக்கு உயிர்நிலை சிலிண்டரன்று. எண்ணெய் செல்லும் வழியே உயிர்நிலை.

அந்த வழியிலுள்ள உறுப்புகளின் நுணுக்கம் வியக்கத்தக்கது. பம்பினுள் மேலும் கீழும் ஓடும் பிளஞ்சருக்கும் அது ஓடும் உறைக்கும் இடையேயுள்ள சந்து ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு. மனிதனின் தலைமயிரை ஏறக்குறைய இருபதாகப் பிளந்தால் அதில் ஓர் இழை எவ்வளவோ அவ்வளவு. பழைய மாதிரி நாசில் திறப்பதற்குக் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு அழுத்தம் தேவை. இன்று ஓடும் காமன் ரெயில் வண்டிகளிலோ 1,600 மடங்கையும் தாண்டுகிறது. இத்தகைய உறுப்பைச் சாதாரண இரும்பில் கடைந்து, மேலே முலாம் பூசி, பெரிய கம்பெனியின் பெயரைப் பொறித்துவிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, எஞ்சினுக்குத் தெரியும். தூவ வேண்டிய நாசில் சொட்டத் தொடங்கும். சொட்டிய எண்ணெய் சரியாக எரியாமல் கரும்புகையாக வெளியேறும். மிச்சம் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும். நாளடைவில் பிஸ்டன் தலை உருகித் துளை விழுவதும் உண்டு. நாசிலில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்கு எஞ்சினையே பிரித்துப் போட நேரிடும். மெக்கானிக் மேல் பழி வரும். விற்றவர் பெயரை யாரும் எடுக்கமாட்டார்கள்.

இதில் நமக்கு விசேஷமான வருத்தம் ஒன்றுண்டு. இத்தேசம் ஒரு காலத்தில் இவ்வுறுப்புகளில் ஒவ்வொன்றுக்கும் கடல் கடந்து கையேந்தி நின்றது. 1951-ல் பெங்களூரில் மோட்டார் இண்டஸ்டிரீஸ் கம்பெனி ஏற்பட்டது. ‘மைகோ’ என்ற அதன் சுருக்கப் பெயர் தமிழ்நாட்டு மெக்கானிக்குகளின் நாவில் நாசிலுக்கே பெயராகிவிட்டது. 2008-ல் அக்கம்பெனி பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்ட பின்பும் பழையவர்கள் மைகோ என்றே கேட்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூரில் நமது டி.வி.எஸ். குழுவினர் அந்நியக் கம்பெனியோடு கூட்டாக டீசல் பம்புகளைச் செய்கிறார்கள். இவ்வாறு நமது தொழிலாளர் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கற்றுத் தேர்ந்து சம்பாதித்த நற்பெயரை, சந்தில் கடைசல் யந்திரம் போட்டவன் ஒரு ஸ்டிக்கரில் திருடிக்கொள்கிறான். போலி நாசில் வாங்கியவருக்கு மட்டும் நஷ்டமில்லை. ஒழுங்காகச் செய்கிறவனுக்கும் நஷ்டம்.

இனிச் சட்டம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம். 1999-ம் வருஷத்து வணிகச் சின்னச் சட்டம் பிறர் சின்னத்தைப் பொய்யாக இடுபவனுக்கும் அச்சரக்கை விற்பவனுக்கும் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. கேட்பதற்குக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் டிப்டி சூப்பரின்டென்டெண்டுக்குக் குறையாத அதிகாரியே சோதனையிடலாம். அவரும் முதலில் சின்னப் பதிவாளரின் அபிப்பிராயத்தைப் பெற வேண்டும். அந்த அபிப்பிராயம் வந்து சேருவதற்குள் சரக்கு வேறு கிடங்கில், வேறு கடைப் பெயரில் இருக்கும்.

வாங்குபவருக்கு நேரே கைகொடுப்பது 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். இதைப் பற்றி வக்கீல்கள் மத்தியிலேயே ஒரு தப்பெண்ணம் நிலவுகிறது. லாரி வருமானத்துக்காக ஓடுவது; ஆகையால் அதற்குச் சாமான் வாங்குவது வியாபாரக் காரியம்; வியாபாரத்துக்கு வாங்குபவர் ‘நுகர்வோர்’ ஆகமாட்டார் என்று சொல்லி வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இது சரியன்று. தமது ஜீவனத்துக்காகச் சுயமாகத் தொழில் செய்வதற்கே பொருளை வாங்கி உபயோகிப்பவர் நுகர்வோரே என்று சட்டத்தின் விளக்கம் கூறுகிறது. 1995-ல் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்டிரியல் இன்ஸ்டிடியூட் சம்பந்தப்பட்ட லக்ஷ்மி என்ஜினீயரிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டார், ஆட்டோ ரிக்ஷாவை வாங்கித் தாமே ஓட்டுபவரையும், லாரியை வாங்கித் தாமே ஓட்டிப் பிழைப்பவரையும் உதாரணமாகவே எடுத்துக்காட்டினார்கள். (அவ்வழக்கைத் தொடுத்தவர் தோற்றார் என்பது வேறு கதை, அவர் பெரிய யந்திரம் வைத்துத் தொழில் நடத்தியவர்.) பத்து லாரி வைத்து ஆள் போட்டு ஓட்டும் முதலாளிக்கு இந்த வழி அடைபட்டிருக்கலாம். ஒரே வண்டியைத் தாமே ஓட்டும் ஒடுகத்தூர்க்காரருக்கு அது தாராளமாகத் திறந்திருக்கிறது.

இன்னொரு பெரிய அனுகூலமும் உண்டு. பழைய சட்டத்தில் எதிர்வாதி இருக்கும் ஊரையோ விவகாரம் எழுந்த ஊரையோ தேடிப் போக வேண்டியிருந்தது. இப்போது வாங்கியவர் குடியிருக்கும் இடத்து ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். டில்லியில் உட்கார்ந்து விற்றவர் வேலூர் மாவட்ட ஆணையத்துக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். கொடுத்த கிரயம் 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமில்லை. இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். சரக்கின் குற்றம் பார்வைக்குப் புலப்படாவிட்டால் அதைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரமுண்டு. 2020-ம் வருஷத்து இணைய வணிக விதிகளின்படி, போலிச் சரக்கையோ விளம்பரத்துக்கு மாறான சரக்கையோ திரும்பப் பெற மறுக்க விற்பனையாளருக்கு உரிமையில்லை. சந்தை நடத்துபவர் புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். ‘மாட்டிய சாமான் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பட்டியலில் சின்ன எழுத்தில் அச்சடித்துவிட்டால் விதி மாண்டுவிடாது. நாசில் போலியென்று தெரிவதே அதை மாட்டி ஓட்டிய பிறகுதானே!

இவ்வளவும் சொன்ன அவ்விதிகள்தாம் ஓரிடத்தில் வழுக்கி விழுகின்றன. சின்னச் சட்டம் முதலியவற்றின் கீழ் அகற்றப்பட்ட சரக்குகளைத் திரும்பத் திரும்ப விற்பனைக்கு வைக்கும் ஆசாமிகள் யார் யார் என்று அடையாளம் காணத்தக்க குறிப்பைச் சந்தை நடத்துபவர் வைத்திருக்க முயற்சி செய்ய வேண்டுமென்கிறது ஐந்தாம் விதி. நல்லது. ஆனால் உடனே ஒரு காப்புவாசகம் தொடர்கிறது: அத்தகையவரைச் சந்தையிலிருந்து நீக்க வேண்டுமென்ற கட்டாயம் கிடையாது, இஷ்டப்பட்டால் நீக்கலாம். திருடனின் பெயரைப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள், ஆனால் மறுநாளும் அவனுக்கே கடை கொடுப்பது உன் சௌகரியம் என்பதுதானே இதன் பொருள்? ஒடுகத்தூர்ச் சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவர் ஒருவர் இப்படி நடந்துகொண்டால் அந்த வாரமே ஊர் கூடிக் கேட்டிருக்கும்.

நாங்கள் இடம் மட்டுமே கொடுக்கிறோம், விற்பது வேறொருவர் என்பது சந்தை நடத்துபவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ம் பிரிவை அதற்குக் கேடயமாகப் பிடிக்கிறார்கள். பிறர் எழுதிய கடிதத்தைச் சுமந்து செல்லும் தபால்காரனுக்கு அக்கேடயம் பொருந்தும். ஆனால் பணத்தை இவர்கள் வாங்குகிறார்கள்; தரகும் எடுத்துக்கொள்கிறார்கள்; பல வேளைகளில் சரக்கு இவர்களது கிடங்கிலேயே இருந்து, இவர்களது பெட்டியிலேயே வருகிறது; எந்தப் படம் முதலில் தோன்ற வேண்டுமென்பதையும் இவர்களே நிர்ணயிக்கிறார்கள். இலாபத்தில் பங்காளியாக இருந்துகொண்டு பொறுப்பில் வழிப்போக்கராக இருப்பது எந்த நியாயசாஸ்திரத்தில் உள்ளது?

சிறு வியாபாரிகள் நசுங்குவார்கள் என்ற ஆட்சேபம் ஒன்று சொல்லப்படுகிறது. அதில் ஓரளவு உண்மையுமுண்டு. யாரோ ஒரு போட்டியாளர் பொய்ப் புகார் கொடுத்ததற்காக ஒருவரது கடையை மூடிவிடக் கூடாது. அதற்குப் பரிகாரம் விசாரணைக்கு ஒரு முறை வகுப்பதேயன்றி, நிரூபிக்கப்பட்ட போலிக்காரனுக்கும் வாசலைத் திறந்து வைப்பதன்று. 2021 ஜூன் மாதத்தில் இந்திய சர்க்கார் வெளியிட்ட திருத்த வரைவில், விற்பனையாளர் கைவிரித்து நுகர்வோர் நஷ்டமடைந்தால் சந்தை நடத்துபவர் ஈடு சொல்ல வேண்டுமென்ற யோசனை காணப்பட்டது. பெரிய கம்பெனிகள் கூக்குரலிட்டன. அந்த யோசனையை முடிந்த விதியாக்குவதும், ஐந்தாம் விதியின் காப்புவாசகத்தை எடுத்தெறிவதும் சர்க்கார் உடனே செய்யத்தக்க இரண்டு காரியங்கள். வேலூர்த் தொகுதிக்குப் பாராளுமன்றத்தில் உள்ள பிரதிநிதி இதை ஒரு கேள்வியாகவேனும் எழுப்பலாம். நமது தேசபக்த நண்பர்களும் கூட்டம் போட்டுப் பேசுவதோடு நில்லாமல், மனு எழுதத் தெரியாத ஒரு வண்டிக்காரருக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்கலாம்.

வண்டிக்காரர்கள் செய்யக்கூடியதும் சிறிது இருக்கிறது. பழைய நாசிலிலும் பம்பின் தகட்டிலும் பொறித்துள்ள எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டே வாங்க வேண்டும். ‘இந்த வண்டிக்குப் பொருந்தும்’ என்ற விளம்பர வாக்கியத்தை நம்பலாகாது. காமன் ரெயில் இன்ஜெக்டரில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு உண்டு. பெரும்பாலான வண்டிகளில் அதை வண்டியின் கணினியில் பதியாமல் மாட்டினால் அசல் சாமானே சரியாக ஓடாது. விற்பவரின் பெயர், விலாசம், ஜி.எஸ்.டி. எண் மூன்றும் பில்லில் இல்லையென்றால் பாதி விலையும் வேண்டாம், இலவசமும் வேண்டாம். பார்சலைப் பிரிக்கும்போது கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்வது நல்லது. மாட்டுமுன் பம்ப் சர்வீஸ் கடையில் சோதனைப் பெஞ்சில் வைத்துத் தூவலைப் பார்க்கச் சொல்ல வேண்டும். தூவலுக்கு எதிரே கையை நீட்டிவிடலாகாது. அந்த அழுத்தம் தோலைத் துளைத்து எண்ணெயை உள்ளே செலுத்திவிடும். எஞ்சின் கெட்டுவிட்டால் மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போகுமுன், கழற்றிய நாசிலை அப்படியே பெட்டியோடும் பில்லோடும் கட்டி வைக்க வேண்டும். வேலூர் ஆணையத்தின் முன் அதுவே முதல் சாட்சி. அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட வேண்டாம்.