காருக்குள் "ஙொய்" சத்தம்: பில்டர் வாங்க ஓடாதீர்கள்!

காரில் ரேடியோவும் ஆம்ப்ளிபயரும் வைக்கிறார்கள். பாட்டு இனிமையாக வருகிறது. ஆனால் என்ஜினைக் கிளப்பியதும் "ஙொய்" என்று ஓர் இரைச்சல்! என்ஜின் வேகம் கூடக்கூட, இரைச்சலும் கீச்சென்று உயருகிறது.

பலர் என்ன செய்கிறார்கள்? கடைக்கு ஓடி, இரைச்சலை அடக்கும் "பில்டர்" ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். இது, காய்ச்சல் ஏன் வந்தது என்று பாராமல் போர்வையைப் போர்த்துவது போன்றது!

இது புதிய தொல்லை அல்ல. அமெரிக்காவில் 1930-ம் ஆண்டில் "மோட்டரோலா" கார் ரேடியோ விற்பனைக்கு வந்தபோதே, என்ஜினின் தீப்பொறி இரைச்சலை அடக்க வேண்டியிருந்தது.

எங்கிருந்து வருகிறது?

கார் ஓடும்போது மின்சாரம் கொடுப்பது ஆல்டர்நேட்டர். அதில் உண்டாவது ஏ.சி. மின்சாரம். "டயோடு"கள் அதை டி.சி. மின்சாரமாக மாற்றுகின்றன. ஆனாலும் சிறு அலைகள் மிஞ்சும். "எர்த்" சரியில்லை என்றால் அந்த அலைகள் பாட்டோடு கலந்துவிடும். அதுதான் "ஙொய்" சத்தம்!

செலவு இல்லாத வழி

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். எர்த் ஒயர் பிடித்த இடத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டுங்கள். பளபளவென்று இரும்பு தெரிந்ததும் நட்டை இறுக்குங்கள். ரேடியோ, ஆம்ப்ளிபயர் இரண்டுக்கும் கூடுமானவரை ஒரே இடத்தில் எர்த் கொடுங்கள்.

பேட்டரி ஒயர் காரின் ஒரு பக்கம் போகட்டும். பாட்டு ஒயர் மறுபக்கம் போகட்டும். இரண்டும் சந்திக்க வேண்டுமானால், கூட்டல் குறிபோல் குறுக்கே போகட்டும்.

ஆம்ப்ளிபயருக்குப் போகும் ஒயரில், பேட்டரிக்கு அருகிலேயே "பியூஸ்" இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், ஒயர் உரசி இரும்பில் பட்டதும் தீப்பிடிக்கலாம்!

எச்சரிக்கை மணி

"சத்தம்தானே, பாட்டைக் கூட்டி வைத்தால் போகிறது" என்பார்கள். அது தவறு. நேற்றுவரை இல்லாத இரைச்சல் இன்று வந்தால், ஆல்டர்நேட்டரில் டயோடு கெட்டிருக்கலாம். பேட்டரிக்குச் சரியாகச் சார்ஜ் ஏறாது. பெண்டு பிள்ளைகளோடு இரவில் போகும்போது, நடுவழியில் கார் நின்றால் என்ன செய்வது?

ஆகவே, இரைச்சலை மூடி மறைக்காதீர்கள். எர்த்தைப் பாருங்கள். ஒயரைப் பாருங்கள். ஆல்டர்நேட்டரை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அதற்குப் பிறகும் சத்தம் போகவில்லையா? அப்போது பில்டர் வாங்கலாம்!