மானியம் வாங்கினால் மட்டும்தான் கணக்கா?

தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. தேசிய விளையாட்டு வாரியம், வழக்குகளை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயம், சம்மேளனங்களின் நிர்வாகக் குழுவில் குறைந்தது 4 பெண்கள் என வரவேற்கத்தக்க அம்சங்கள் இதில் உண்டு. ஆனால் முக்கியமான ஓரிடத்தில் சட்டம் பின்வாங்கிவிட்டது.

ஜூலையில் தாக்கலான மசோதா, அங்கீகாரம் பெற்ற எல்லா விளையாட்டு அமைப்புகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. பிறகு அது திருத்தப்பட்டது. இப்போது அரசின் மானியமோ நிதியுதவியோ பெறும் அமைப்புகள் மட்டும், அதுவும் அந்தப் பணத்தைச் செலவிட்ட விதம் குறித்து மட்டும் பதில் சொன்னால் போதும்.

இதனால் யாருக்கு லாபம்? அரசு மானியத்தை நம்பியிருக்கும் சிறு சம்மேளனங்கள் கணக்குக் காட்ட வேண்டும். நாட்டிலேயே பணக்கார விளையாட்டு அமைப்பான கிரிக்கெட் வாரியத்திடம் கேள்வி கேட்க முடியாது. 'நாங்கள் அரசிடம் பணம் வாங்கவில்லை' என்பது அதன் வாதம்.

இந்த வாதம் சரிதானா? 1997 முதல் 2007 வரை வாரியத்துக்குக் கிடைத்த வரிவிலக்கு 2,100 கோடி ரூபாய்க்கும் மேல் என்று சட்ட ஆணையம் 2018 அறிக்கையில் பதிவு செய்து, அதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப் பரிந்துரைத்தது. கருவூலத்துக்கு வர வேண்டிய வரியை விட்டுக்கொடுப்பதும் மக்கள் பணத்தைக் கொடுப்பதுதானே? சென்னை சேப்பாக்கம் மைதானம் இருப்பதும் அரசின் குத்தகை நிலத்தில்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த அணி 'இந்தியா' என்ற பெயரில் ஆடுகிறது. அந்தப் பெயர் எந்தத் தனியார் சங்கத்தின் சொத்தும் அல்ல. அது மக்களின் அமானிதம்.

2025-26 பட்ஜெட்டில் இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 3,794 கோடி ரூபாய். 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்தில் நடக்கிறது. 2036 ஒலிம்பிக்கையும் நடத்த அரசு விரும்புகிறது. இனி செலவு பெருகவே செய்யும். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் மக்கள் பணம் செலவிடப்பட்ட விதத்தைத் தணிக்கைத் துறை கடுமையாக விமர்சித்ததை நாம் மறக்கவில்லை.

எனவே வரிச்சலுகை, அரசு நிலம் ஆகியவையும் நிதியுதவியே எனச் சட்டத்தில் தெளிவாக எழுத வேண்டும். நாட்டின் பெயரில் அணி அனுப்பும் எந்த அமைப்பானாலும், வீரர்களை எப்படித் தேர்ந்தெடுத்தது என்றும் சொல்ல வேண்டும். சிபாரிசு இல்லாத ஏழை வீட்டுப் பிள்ளை 'என்னை ஏன் சேர்க்கவில்லை?' என்று கேட்டால், பதில் கிடைக்க வேறு வழியில்லை.