மீண்டும் வருவீர்களா?



ஆண்டுதோறும் பெப்ரவரி 11ஆம் திகதி, லூர்து அன்னையின் திருநாளன்று, திருச்சபை உலக நோயாளர் தினத்தை அனுஷ்டிக்கின்றது. திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1992இல் ஏற்படுத்திய இத்தினம் 1993 முதல் கொண்டாடப்பட்டு வருகின்றது. அந்நாட்களில் பங்குகளிலிருந்து குழுக்களாகப் புறப்பட்டு வைத்தியசாலைகளின் சிறுவர் விடுதிகளுக்குச் சென்று பழங்களும் விளையாட்டுப் பொருட்களும் வழங்குகின்றோம். நல்ல செயல்தான். ஆனால், நாம் விடைபெறும்போது கட்டிலில் இருக்கும் பிள்ளையின் கண்களில் ஒரு கேள்வி நிற்கின்றது: மீண்டும் வருவீர்களா?

அந்தக் கேள்வி சிறியதன்று. பிள்ளைகளிடையே அதிகமாகக் காணப்படும் இரத்தப் புற்றுநோய்க்குரிய சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் வரை நீடிக்கும். கடுமையான தலசீமியா நோயுள்ள பிள்ளைக்கோ சில வாரங்களுக்கு ஒருமுறை, பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும், இரத்தம் ஏற்ற வேண்டும். இவ்வளவு நீண்ட பாதையில் நடக்கும் பிள்ளைக்கு ஒருநாள் விருந்தாளியால் என்ன பயன்?

இரத்தினபுரி மாவட்டத்துத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். புற்றுநோய் கண்ட பிள்ளையை மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இரத்தினபுரியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 100 கிலோமீற்றர். மகரகம அதே பெருந்தெருவில், தலைநகரை அண்மித்து உள்ளது. விடியுமுன் லயத்திலிருந்து இறங்கி, பஸ் மாறிச் செல்லும் தாய்க்கு அன்றைய ‘பேர்’ இல்லை. வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகளின் கவலை வேறு. ‘அபேக்ஷா’ என்ற சிங்களச் சொல்லுக்கு நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்று பொருள். ஆனால், அந்த நம்பிக்கையின் வாசலில் பேசப்படும் மொழி அவளுக்குச் சரியாக விளங்குவதில்லை.

மொழி விளங்காமை உயிருக்கே ஆபத்தாகலாம். புற்றுநோய் மருந்து ஏற்றப்பட்ட பிள்ளையின் நோயெதிர்ப்புச் சக்தி குன்றியிருக்கும். அவ்வேளையில் காய்ச்சல் கண்டால் விடியும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இந்த ஓர் அறிவுறுத்தலைத் தாயின் மொழியில் எடுத்துச் சொல்லவும், நள்ளிரவில் அவள் அழைத்தால் வாகனம் ஒன்றை ஒழுங்கு செய்யவும் ஒருவர் இருப்பாரானால், அவர் செய்வது வெறும் ஆறுதல் பணியன்று. உயிர் காக்கும் பணி.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கூற்றுப்படி, செல்வந்த நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் 80 வீதத்திற்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகள் பலவற்றிலோ 30 வீதத்திற்கும் குறைவானவர்களே பிழைக்கின்றனர். நோயைத் தாமதமாகக் கண்டறிவதும் சிகிச்சையை இடையில் கைவிடுவதும் இதற்கான காரணங்களுட் சில. பிள்ளையின் மீது அன்பில்லாத பெற்றோர் அதைக் கைவிடுவதில்லை. பஸ் கட்டணமும் தனிமையும் களைப்பும் சேர்ந்தே அவர்களைத் தோற்கடிக்கின்றன. அந்தத் தோல்வியைத் தடுக்கும் வலிமை நட்புக்கு உண்டு.

மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் யாயீரின் 12 வயது மகளைக் காண்கின்றோம். அவ்வீட்டில் ஓலமிட்டு அழுத கூட்டத்திற்குக் குறைவில்லை. இயேசுவோ கூட்டத்தை வெளியேற்றிவிட்டு, பெற்றோருடனும் தம்மோடு வந்த சீடருடனும் பிள்ளை கிடந்த அறைக்குள் செல்கின்றார். அவளது கையைப் பிடிக்கின்றார். அவள் எழுந்த பின்னரும், அவளுக்கு உணவு கொடுக்கும்படி சொல்கின்றார். பெரும் அற்புதத்தின் நடுவிலும் ஒரு சிறுமியின் பசியை மறவாத அன்பு அது. வெளியே நின்று பரிதாபப்படுவோர் பலர். உள்ளே சென்று கையைப் பிடிப்போர் சிலரே.

நமது அயலிலும் ஒரு முன்மாதிரி உண்டு. கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய நோய்த்தணிப்புப் பணி, சில ஆண்டுகளில் அயலவர்களின் இயக்கமாகப் பரவியது. வாரத்தில் 2 மணி நேரமேனும் ஒதுக்கக்கூடிய சாதாரண மக்கள் பயிற்சி பெற்று, தத்தம் ஊரில் நெடுநாள் நோயுற்றிருப்போரை இடைவிடாது சந்திக்கலாயினர். பெருந்தொகைப் பணத்தால் அன்று, வாரந்தோறும் திரும்பி வந்த கால்களால் எழுந்த பணி அது.

சபரகமுவையின் இரு மாவட்டங்களையும் உள்ளடக்கிய இரத்தினபுரி மறைமாவட்டம் 1995இல் உருவானது. அதன் பங்குகளிலும், ஏனைய திருச்சபைகளின் சபைகளிலும் இரு மொழியும் அறிந்த இளையோர் உள்ளனர். நோயுற்ற ஒரு பிள்ளைக்கு இருவர் எனப் பொறுப்பேற்றால் போதாதா? பெற்றோரின் சம்மதத்துடனும் வைத்தியசாலையின் அனுமதியுடனும் செல்லுங்கள். தடிமன், இருமல் இருப்பின் அன்று போகாதீர்கள். படம் பிடிக்காதீர்கள். பிள்ளையின் பெயரையும், அதற்குப் பிடித்த விளையாட்டையும், கிளினிக் நாளையும் நினைவில் வைத்திருங்கள். வர இயலாத வாரத்தை முன்னரே சொல்லிவிடுங்கள். நிறைவேற்ற முடியாத வாக்குறுதி எதையும் கொடுக்காதீர்கள்.

நோய்க்குக் காரணம் கற்பிக்கவும் முயலாதீர்கள். யோபுவின் நண்பர்கள் 7 நாட்கள் அவரோடு தரையில் மௌனமாக அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தனர். அவரது துன்பத்திற்கு விளக்கம் சொல்லத் தொடங்கியபோதே தவறினர். “யார் செய்த பாவமோ?” என்ற சொல் ஒரு தாயின் நெஞ்சில் ஆயுள் முழுவதும் ஆறாத காயமாகும்.

அன்பானவர்களே, நாம் நேசிக்கும் எல்லாப் பிள்ளைகளும் குணமடைவதில்லை. இதை மறைப்பது விசுவாசமன்று. லாசரை உயிர்ப்பிக்கவிருந்த ஆண்டவரே முதலில் கண்ணீர் விட்டார். பிள்ளை பிரிந்த பின்னரும் அந்த லயத்துப் படியேறி, தாயோடு அமர்ந்து, பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுகின்றவரே இறுதிவரை நண்பர். அடக்க நாளில் கூடும் கூட்டம் கலைந்துவிடும். அடுத்த மாதம் அவ்வழியே யார் வருவார்?

எனவே, அடுத்த நோயாளர் தினத்திற்காகக் காத்திராதீர்கள். உங்கள் பங்கில், உங்கள் தோட்டத்தில் நீண்டகாலம் நோயுற்றிருக்கும் பிள்ளை யார் என்று இந்த ஞாயிறே விசாரியுங்கள். சென்று பாருங்கள். அப்பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டால், “வருவேன்” என்று சொல்லுங்கள். சொன்னபடியே செல்லுங்கள்.