வெட்டியெறிந்த நிமிடங்களுக்கு யார் பொறுப்பு?

விலங்குவதைக் காணொளிகளைப் பரப்புவதை ஆதரித்து ஒருவர் கட்டுரை எழுதியிருக்கிறார். காணொளியில் வெட்டு இருந்தால் என்ன, கொடுமையைக் காட்டப் பத்து விநாடி போதும் என்கிறார் அந்தக் கட்டுரையாளர். முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று கேட்பவன் கொடுமைக்காரனுக்காக வாதாடுகிறான் என்கிறார். அதை எந்தக் கட்சிக்காரன் பரப்பினான் என்று பார்ப்பதே வாயில்லாத சீவனுக்குச் செய்யும் துரோகம் என்று முடிக்கிறார். இத்தனைக்கும் அவர் முன்வைக்கும் உதாரணம் கிளிநொச்சி அம்பாள்குளம். அங்கிருந்தே தொடங்குவோம்.

2018 ஜூன் 21ஆம் திகதி அம்பாள்குளத்துக் குடிமனைகளுக்குள் சிறுத்தைப்புலி ஒன்று வந்துவிட்டது. பத்துப் பேரளவில் காயப்பட்டார்கள். வனஜீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவரும் அவர்களில் அடக்கம். பிறகு ஊரவர்கள் சிலர் அதைப் பொல்லுகளால் அடித்துக் கொன்றார்கள். செத்த உடலோடு நின்று படமும் எடுத்துக்கொண்டார்கள். காணொளி நாடு முழுக்கப் பரவியது. அதை வைத்தே ஆட்களை அடையாளம் கண்டு கைது செய்தார்கள். அந்தக் கைதுகள் சரி. சட்டம் காப்பாற்றும் ஒரு விலங்கை, அது தளர்ந்துபோன பிறகும் அடித்துக் கொன்றதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப்போவதில்லை.

ஆனால் கட்டுரையாளர் கைதோடு நிற்கவில்லை. அந்தத் துண்டுக் காட்சியிலிருந்து ஒரு ஊரின் சுபாவத்துக்குப் போகிறார். ஊரிலிருந்து வடக்கு மக்களின் சுபாவத்துக்குத் தாவுகிறார். அந்தத் தாவலுக்கு இடம் கொடுத்ததே வெட்டுத்தான். காலையிலிருந்து ஊர் பட்ட பயம் அந்தத் துண்டில் இல்லை. காயப்பட்டவர்கள் இல்லை. மயக்க ஊசியோடு உரிய நேரத்தில் எவரும் வரவில்லை என்று ஊரவர்கள் வைத்த குற்றச்சாட்டும் இல்லை. திரையில் பொல்லுத் தெரிந்தது, திணைக்களம் தெரியவில்லை. அடித்தவன் நீதவான் முன்னால் நின்றான். ஊசி ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்ல யாரும் எங்கும் நிற்கவில்லை. முன்பின் கேட்டால் குற்றவாளி தப்புவான் என்று பயப்படும் கட்டுரையாளரே, கேட்காமல் விட்டதால் தப்பியவர்களை ஒருதரம் எண்ணிப் பாருங்கள்.

நான் எழுதுவது மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலவிலிருந்து. இங்கே தென்னையும் மிளகும் வைத்திருப்பவர்களுக்குக் குரங்கு நாள்தோறும் வரும் விருந்தாளி. ஒரு கூட்டம் மரத்தில் ஏறினால் குரும்பட்டிகளைக் கடித்துக் கடித்துக் கீழே போடும். இளநீரில் ஓட்டை போட்டு இரண்டு வாய் குடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவும். அரை மணித்தியாலத்தில் மரத்தடி முழுக்கப் பல் பதிந்த காய்கள். கிழவி ஒருத்தி தகரத்தைத் தட்டுவாள், பேரன் வெடி கொளுத்துவான், எவனோ ஒருவன் பொறுமையிழந்து கல்லெறிவான். கல் பட்ட குட்டி அலறும்போது எனக்கும் வயிறு கலங்கத்தான் செய்கிறது. அந்த அலறலை மட்டும் வெட்டியெடுத்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, அடியில் ஒரு சோகப்பாட்டைப் போட்டு, மேலே ஒரு இனத்தின் பெயரையோ மதத்தின் பெயரையோ எழுதிவிட்டால் என்ன ஆகும்? பாதி வேகத்தில் பார்த்தால் பதறி எறிந்த கல்லும் நிதானமாகக் குறிபார்த்து எறிந்ததாகத் தெரியும். இதைச் செய்யக் கைபேசியில் இரண்டு நிமிடம் போதும். கட்டுரையாளர் வெட்டு என்று சாதாரணமாகச் சொல்வது இதைத்தான்.

இந்தக் குரங்குகளுக்கும் விவசாயிக்கும் நடுவில் நிற்கவேண்டியவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் பதிவில் இருக்கிறது. 2023இல் அன்றைய விவசாய அமைச்சர் மகிந்த அமரவீர ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பப் பேசினார். வழக்குப் போனதும் அப்படி ஒரு தீர்மானமே இல்லை என்று அரச தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. ஆட்சி மாறியது. 2024 டிசம்பரில் புதிய அமைச்சர் லால்காந்த, தன் காணிக்குள் வரும் விலங்கை விவசாயி எதுவும் செய்யலாம் என்ற பொருள்படப் பேசினார். மாத்தளையில் குரங்குகளுக்குக் கருத்தடை செய்யும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு ஐந்தே நிமிடத்தில் நாடு முழுக்கக் கணக்கெடுப்பு நடந்தது. கல்லெறிந்தவனைத் திட்டும் காணொளி எதிலும் இவை எதுவும் வராது. வராமலிருப்பதால் யாருக்கு இலாபம் என்று கேட்பதைத்தான் கட்டுரையாளர் துரோகம் என்கிறார்.

அரசியலைப் பார்க்காதே என்ற அவருடைய புத்திமதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கேரளத்தைப் பார்க்கலாம். 2020 மே 27ஆம் திகதி, வெடி கடித்து வாய் சிதைந்த கர்ப்பிணி யானை ஒன்று வெள்ளியாற்றில் நின்றபடியே செத்தது. நடந்தது பாலக்காடு மாவட்டம் மண்ணார்க்காட்டுப் பகுதியில். இந்திய அரசியல்வாதி மேனகா காந்தியோ அதை மலப்புறத்தில் நடந்ததாகச் சொல்லி, அந்த மாவட்டமே குற்றச்செயல்களுக்குப் பேர்போனது என்றார். மலப்புறம் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம். வெடி, பயிரைத் தின்ன வரும் காட்டுப்பன்றிக்கு வைத்தது என்று விசாரணையில் தெரியவந்தபோது, பழி ஏற்கெனவே இந்தியா முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது. நம் நாட்டில் ஹக்கபட்டாஸ் என்கிறோமே, அதே வேலைதான். அது இங்கே எத்தனையோ யானைக் குட்டிகளின் தாடையைப் பிளந்திருக்கிறது. யானைமேல் உண்மையான அக்கறை இருந்திருந்தால் அந்த வாரம் முழுக்கப் பன்றிவெடியைப் பற்றிப் பேசியிருப்பார்கள். ஒரு மதத்தைப் பற்றிப் பேசினார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2024இல் ஓஹாயோவின் கான்டன் நகரத்தில் பூனை ஒன்றைக் கொன்ற வழக்கில் ஒரு பெண் கைதானாள். அமெரிக்காவிலேயே பிறந்தவள். அந்தப் பொலிஸ் காணொளியை எடுத்து, வேறொரு நகரமான ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிய ஹெயிட்டி மக்கள் பூனை தின்கிறார்கள் என்று பரப்பினார்கள். தேர்தல் விவாத மேடையில் டிரம்ப் அந்தப் பழியைத் திருப்பிச் சொன்னார். பூனை செத்தது உண்மை. கட்டுரையாளரின் அளவுகோலால் பார்த்தால் அந்தக் காணொளியில் பிழையே கிடையாது.

காட்சி பொய் சொல்லாது என்று வேறு எழுதியிருக்கிறார். 1958இல் டிஸ்னி வெளியிட்ட ‘வைட் வில்டர்னஸ்’ ஆவணப்படத்தில் லெமிங் என்ற சிறு பிராணிகள் தாமாகவே பாறையிலிருந்து குதித்துச் சாவதுபோல் காட்டினார்கள். படம் ஆஸ்கார் விருது வாங்கியது. அவற்றை வேறிடத்தில் விலைக்கு வாங்கிக் கொண்டுவந்து, படக்குழுவினரே விளிம்பிலிருந்து தள்ளியது 1982இல் கனேடியத் தொலைக்காட்சியின் விசாரணையில் வெளிவந்தது. அங்கே கொடுமை செய்தவர்கள் கெமராவுக்குப் பின்னால் நின்றவர்கள்.

நம் நாட்டில் மிருகாபிமானம் எப்போது விழிக்கும், எப்போது தூங்கும் என்பதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. 2011 செப்டெம்பரில் அமைச்சர் மேர்வின் சில்வா ஆட்களோடு முன்னேஸ்வரம் காளி கோயிலுக்குள் புகுந்து, பலிக்குக் கொண்டுவந்த ஆடுகளையும் கோழிகளையும் ஏற்றிக்கொண்டு போனார். பலியிடுவது நிற்கவேண்டும் என்பதே என் நிலைப்பாடும். ஆனால் கோயிலுக்குள் கூட்டத்தோடு புகும் அதிகாரத்தை ஒரு அமைச்சருக்கு எந்தச் சட்டம் கொடுத்தது? 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்யும் மகிந்த ராஜபக்சவின் யோசனைக்கு அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியது. சாப்பிடுபவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து மாட்டிறைச்சி வரட்டும் என்றது. ஆடு, கோழி, பன்றி எதுவும் அந்த யோசனையில் இல்லை. மாட்டின் வலி தாங்கமுடியாமல் வந்த யோசனை என்றால் வெளிநாட்டு மாட்டுக்கு வலிக்காதா? மாட்டிறைச்சிக் கடைக்காரர் பெரும்பாலும் எந்தச் சமூகம் என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். இதையெல்லாம் பார்க்காதே, காணொளியை மட்டும் பார் என்பவர் வெள்ளந்தியாகப் பேசுகிறார் என்று நான் நம்பவில்லை.

எனக்கு மிகவும் கோபம் வருவது வேறொரு இடத்தில். வெட்டிய காணொளி ஒருதரம் பிடிபட்டால், அடுத்துவரும் உண்மையான காணொளியையும் ஆட்கள் நம்பமாட்டார்கள். தமிழ்நாட்டுக் கோயிலில் திரியும் நாட்டுக்குரங்கின் படத்தைப் போட்டு மாத்தளைக் குரங்கு என்றால், செம்பட்டை மயிர்ச் செங்குரங்கைத் தினமும் பார்க்கும் பல்லேபொலச் சிறுவன் உடனே கண்டுபிடிப்பான். அதற்குப் பிறகு சுருக்குக் கம்பியில் மாட்டிய விலங்கின் படத்தை யார் காட்டினாலும் அவன் சந்தேகப்படுவான். 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பியில் அகப்பட்டு, உடவளவையில் மூன்றாம் நாள் செத்துப்போனது. அது வெட்டில்லாத, ஒட்டில்லாத உண்மை. அதை எவனும் சந்தேகிக்க முடியாத நிலையில் வைத்திருக்கவேண்டியது விலங்கை நேசிப்பவர்களின் முதல் கடமை. கட்டுரையாளர் அந்த நம்பிக்கையை விற்றுத் தின்னச் சொல்கிறார்.

கொடுமை செய்பவனைத் தண்டிக்கவேண்டும் என்று அவர் பல இடத்தில் எழுதுகிறார். எந்தச் சட்டத்தின் கீழ்? வெள்ளைக்காரன் 1907இல் போட்ட 13ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் விதிக்கக்கூடிய உச்ச தண்டம் 100 ரூபாய். சிறை என்றால் மூன்று மாதம். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காயே 200 ரூபாயைத் தாண்டியது. 2006இல் சட்ட ஆணைக்குழு தயாரித்த விலங்கு நலச் சட்டமூல வரைவை அரசாங்கத்துக்குப் பின் அரசாங்கமாகக் கிடப்பில் போட்டுவைத்தார்கள். காணொளிகளைப் பரப்பும் கட்சிகளின் ஆட்கள்தான் அந்தக் காலமெல்லாம் பாராளுமன்றத்தில் இருந்தவர்கள். கட்டுரை முழுவதையும் இரண்டு தடவை வாசித்தேன். அந்த 100 ரூபாயைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.